திரையிற் படித்தலும் வரியின் அளவும்

நூலொன்றைக் கையிலெடுப்போர் அதன்கட் சொல்லிய பொருளை நோக்குவரேயன்றி, அப்பொருளைச் சுமந்து நிற்கும் வரி எத்துணை நீளமுடையது, வரிக்கும் வரிக்கும் இடையே எத்துணை வெளி விடப்பட்டது, பக்கத்தின் ஓரம் எவ்வளவு என்பவற்றை நோக்குதல் அரிது. செருப்புக் கடியாதவரையில் அதனை நினைப்பார் யார்? ஆயினும் கண்ணானது ஒவ்வொரு வரியிலும் இவற்றோடு உடன்பட்டோ மாறுபட்டோதான் செல்லுகின்றது. தாளிற் படித்த காலத்து இவ்விஷயம் அச்சுக்கோப்போரது கவலையாய் இருந்தது. இன்றோ நம் கல்லூரி மாணாக்கர் பாடக்குறிப்பையும், அறிவிப்பையும், பழைய வினாத்தாளையும் பெரும்பாலும் கைப்பேசித் திரையிலேயே படிக்கின்றனர். அத்திரைக்கு அவற்றை அனுப்புவோர் அச்சுக்கோப்போர் அல்லர். ஆசிரியரும், அலுவலகத்தாரும், மாணவ நண்பருமே ஆவர். ஆதலின் அக்கவலை நம் எல்லோர்க்கும் உரியதாயிற்று.

நம் மாணாக்கருட் கள்ளக்குறிச்சிப் பக்கத்தினின்றும் வருவோரை மனத்துட் கொண்டே இதனைக் கூறப்புகுந்தேன். கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நகரிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணைப் பக்கமாக மேலேறினால் கல்வராயன் மலை; அம்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. அங்கு வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். (மலையிடத்தார் என்பதே அப்பெயரின் கருத்து, கேரள நாட்டாரோடு மயங்கற்க. அவர்தம் தாய்மொழி தமிழே.) 2020-ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பள்ளிகள் அடைபட்டபோது, தமிழ்நாடெங்கும் கைப்பேசியே பள்ளிக்கூடமாயிற்று. மலையூர்களில் அலைத்தொடர்பு அரிது. தொடர்பு கிட்டும் மேட்டுக்கு வந்து பாடத்தை இறக்கிக்கொண்டு, வீட்டிற்குத் திரும்பிச் சென்று படித்த பிள்ளைகள் இன்று கல்லூரி வகுப்புக்களில் இருக்கின்றனர். அவர்க்குக் கணினி இல்லை. அச்செடுக்கும் கடை அடிவாரத்தில். கையகலத் திரை ஒன்றே அவர்க்கு நூலும் நூலகமும்.

அத்திரைக்கு நாம் அனுப்புவது யாது? பெருந்தாளிற் கணக்கிட்டு அமைத்த பக்கத்தை அப்படியே பி.டி.எப். கோப்பாகவோ, நிழற்படமாகவோ அனுப்புகின்றோம். பக்கம் முழுவதும் திரையில் அடங்கும்போது எழுத்துக் கடுகினும் சிறிதாகின்றது. எழுத்துத் தெரியுமாறு விரலாற் பெரிதாக்கினாலோ, வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகின்றது. படிப்பவன் வரியின் முற்பாதியைக் கண்டு, விரலாற் பக்கத்தை இடப்புறம் தள்ளிப் பிற்பாதியைக் கண்டு, மறுபடி வலப்புறம் தள்ளி அடுத்த வரியின் தலையைத் தேடல் வேண்டும். தேடுங்கால் ஒரு வரி மேலோ கீழோ தவறுதல் எளிது. பக்கத்திற்கு முப்பது வரியாயின் அறுபது முறை தள்ளுதல் வேண்டும். பத்துப் பக்கக் குறிப்பாயின் அறுநூறு முறை. இதனைப் படிப்பென்று சொல்வதினும் ஏற்றமிறைத்தல் என்று சொல்லுதல் பொருந்தும்.

இனி, வரியின் அளவு கண்ணுக்கு யாது செய்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வாம். கண் வரியின்மேல் நீரோட்டம்போல் வழிந்து செல்வதாக நாம் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் ஜாவல் முதலியோர் காட்டியவாறு, கண் தத்தித் தத்திச் செல்லும் இயல்பிற்று. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி தங்கிச் சொல்லைப் பற்றிக்கொண்டு அடுத்த இடத்திற்குத் தாவும். வரி முடிந்தவுடன் இடக்கோடி நோக்கி ஒரு நெடுந்தாவல் தாவி, அடுத்த வரியின் தலையைப் பிடித்தல் வேண்டும். வரி மிக நீண்டதாயின் இந்நெடுந்தாவல் குறிதப்பும். மிகக் குறுகியதாயின் நெடுந்தாவல்கள் தொகையில் மிகும். கண் ஓட்டங் கொள்ளுமுன்னரே வரி முடிந்துபோம். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவே நன்றென அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்துப் பேட்டர்சன், டிங்கர் என்னும் இருவர் அச்சுத்தாளை வைத்து நெடுங்காலம் ஆராய்ந்து கூறினர். டிங்கர் அம்முடிபுகளை 1963-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

திரை வந்தபின் இவ்வாராய்ச்சி புதிதாய்த் தொடங்கிற்று. 1983-இல் டச்நிக்கி, கோலர்ஸ் என்போர், திரையின் முழு அகலத்திலும் மூன்றிலிரண்டு பங்கு அகலத்திலும் அமைந்த வரிகள், மூன்றிலொரு பங்கு அகல வரிகளினும் ஏறக்குறைய 25 விழுக்காடு விரைவாகப் படிக்கப்பட்டன எனக் கண்டனர். 2001-இல் டைசன், ஹேசல்குரோவ் என்போர் வரிக்கு 25, 55, 100 எழுத்துக்கள் என மூவகை அமைத்துப் பார்த்து, பொருளை நன்குணர்தற்கு 55 எழுத்து வரியே ஏற்றது என்றனர். 2005-இல் ஷேக் என்னும் ஆய்வாளர் கல்லூரிப் பருவத்து மாணவர் 20 பேரைக் கொண்டு 35, 55, 75, 95 எழுத்து வரிகளைச் சோதித்தார். 95 எழுத்து வரியே விரைவிற் படிக்கப்பட்டது. பொருளுணர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை. எது விருப்பம் என்று வினவியபோதோ, நடுவளவை நாடுவார் அருகினர்; சிலர் மிகக் குறுகியதையும் சிலர் மிக நீண்டதையும் விரும்பித் தம்முட் பிளவுபட்டனர்! இதற்கு முந்திய ஆண்டிற் சப்பாரோ முதலியோர் செய்த சோதனையில், ஓரவெளி விட்ட பக்கம் மெதுவாகப் படிக்கப்பட்டது, ஆனால் நன்கு உணரப்பட்டது. வரியிடைவெளி விரைவை மாற்றவில்லை, விருப்பத்தை மாற்றிற்று. 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சி யொன்றில், 16 எழுத்துருக்களை 352 பேர் படித்தனர். ஒருவரே தமக்கு மிக விரைவாய் அமைந்த எழுத்துருவிற் படிக்கும் வேகம், மிக மெதுவாய் அமைந்ததனினும் சராசரி 35 விழுக்காடு மிகுந்திருந்தது. அவர் விரும்பிய எழுத்துருவே அவர் விரைந்து படிக்கும் எழுத்துருவாய் இருந்ததோவெனின், பெரும்பாலும் இல்லை.

இவற்றினின்று விளங்குவது, விரைவும் விருப்பமும் ஒரே வழியிற் செல்லும் இரட்டையர் அல்லர் என்பது. இதனைக் கண்டு, விருப்பத்தைத் தள்ளிவிட்டு விரைவொன்றையே அளவுகோலாகக் கொள்க என்பாரும் உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைப் படிப்பவனுக்கு விரைவு வேண்டும். இரவில் தனித்திருந்து முப்பது பக்கக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குபவனோ, கண்ணுக்கு இனிதாயின் முடிவுவரை செல்வன். இன்றேல் மூன்றாம் பக்கத்தில் மூடிவைப்பன். மூடிவைத்த நூலுக்கு விரைவு ஏது? அன்றியும், ஒருவர்க்கு ஏற்றது மற்றொருவர்க்கு ஏலாது என்பதே இச்சோதனைகளிற் பெரிதும் உறுதிப்பட்ட செய்தி. ஆகவே அனுப்புவோர் எல்லோர்க்கும் ஒரே அளவை விதித்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. வரியின் அகலத்தையும் எழுத்தின் அளவையும் படிப்போர் கையில் விடுவதே நெறி.

நிற்க. மேற்கூறிய சோதனைகள் ஆங்கில எழுத்தைக் கொண்டு செய்தவை. 55 எழுத்து என்னும் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருதல் இயலாது. நம்முடைய ணை, ஞா, கொ, தௌ முதலியவற்றின் அகலத்தை நோக்குக. ஆங்கிலத்தின் ஐ, எல் என்னும் எழுத்துக்கள் மூன்று நான்கு சேர்ந்தாலும் நம் ணகரம் ஒன்றன் அகலம் வாரா. சொல்லும் நீண்டது. ஆங்கிலேயர் நான்கு சொல்லாற் கூறுவதை நாம் வேற்றுமையுருபும் சாரியையும் இடைச்சொல்லும் ஒட்டி ஒரே சொல்லாக்கி விடுகின்றோம். 'பள்ளிக்கூடங்களிலிருந்தும்' என்னும் ஒரு சொல் சிறு கைப்பேசியில் ஏறக்குறைய ஒரு வரியை நிரப்பிவிடும். நிறுத்திப் பிடித்த திரையில் தமிழ் வரிக்கு மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. அதன்மேலும் வரியின் இருபுறத்தையும் ஒத்து நிற்கச் செய்தாலோ, இரண்டு சொற்கள் இரு கோடியில் நிற்க, நடுவே வெற்றிடம் கிணறுபோல் வாய் திறக்கின்றது. அச்சுக்கோப்போர் அக்கிணற்றைத் தூர்க்க ஓர் உபாயம் வைத்திருந்தனர். சொல்லை வேண்டிய இடத்தில் முறித்து, மீதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோவர். புள்ளியெழுத்து வரித்தலையில் வாராதபடி மட்டும் பார்த்துக்கொள்வர். திரையோ, தனியே கட்டளையிட்டாலன்றிச் சொல்லை முறிப்பதில்லை. ஆதலால் தாளில் அழகாய் இருந்த இருபுற ஒழுங்கு, கைப்பேசியில் அலங்கோலமாகின்றது. இடப்புறம் மட்டும் ஒத்து, வலப்புறம் ஏறியிறங்கி நிற்கும் வரியே தமிழ்க்குத் திரையில் உகந்தது. பழைய உரைநடையாளர் போலப் புணர்ச்சி வழுவாது நான்கைந்து சொற்களை ஒன்றாய்க் கோத்து எழுதுவோரும் திரைக்கு எழுதுங்கால் சற்றே பிரித்தெழுதுதல் நலம்.

வரியிடைவெளியிலும் நம் எழுத்துக்குத் தனித்தேவை உண்டு. தலைமேற் புள்ளியும், இகர ஈகாரச் சுழிகளும். அடியில் உகர ஊகாரக் கால்கள். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'ட்' மேல் முட்டிப் புள்ளியை விழுங்கிவிடும். புள்ளி மறைந்தாற் 'பட்டம்' 'படடம்' ஆகும். திரையெழுத்து நேர்த்தியாய் வளர்ந்த இந்நாளிலும், விண்டோஸ் 2000 காலத்து லதா முதல் இப்போதைய நோட்டோ வரை எவ்வெழுத்துருவைக் கொண்டாலும், இத்தேவை நீங்கவில்லை.

எழுதப்படும் பொருளே வரியின் அளவை விதித்தது நம் நாட்டுப் பழங்கதை. திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமானஞ்சி அளித்த பாழியைக் கூறுவது. அதன்கட் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாறையிற் கிடைத்த இடமே அளவு. பின் வந்த பனையோலையோ, முழங்கை நீளமும் இரண்டு மூன்று விரல் அகலமும் உடையது. வரி நெடிது, இடைவெளி இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் நம் முன்னோர் அதனை வாய்விட்டு, இசையோடு, பாதி நினைவினின்றும் படித்தனராதலின் அவர்க்கு அது தடையாகவில்லை. பின்னர்த் தரங்கம்பாடியில் அச்சு வந்தது. ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் பருத்தனவாய்த் தாளை மிகுதியும் விழுங்கினமையால், சீகன்பால்கும் உடனிருந்தோரும் சிறிய எழுத்துக்களை உள்ளூரிலேயே வார்த்துக்கொண்டு, 1715-இற் புதிய ஏற்பாட்டை முற்றுவித்தனர். பாறைக்கும், ஓலைக்கும், தாளுக்கும் அவ்வவற்றிற்கு ஏற்றவாறு வரி மாறிற்று. தாளைச் சிக்கனஞ் செய்யவேண்டி எழுத்தை நெருக்கினர், அது நியாயம். திரைக்கோ தாட்செலவு இல்லை. இல்லாத செலவிற்கு அஞ்சி எழுத்தை நெருக்குவதும், இல்லாத தாளின் அகலத்தைத் திரையின்மேற் சுமத்துவதும் எதற்கு? கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-இற் புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் அறிந்ததே. அச்சிற்பியர் கட்டையின் அளவைப் பார்த்து உருவை அமைப்பரேயன்றி, எண்சாண் உருவை ஒருசாண் கட்டையில் திணிக்க முயலார்.

ஆயின் நாம் ஏன் இன்னும் பக்கத்தைப் படமாகவே அனுப்புகின்றோம்? சோம்பல் மட்டும் காரணமன்று. தமிழ்த் தட்டச்சு நிலையங்களில் நெடுங்காலமாகப் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களே வழங்கின. அவற்றில் ஆங்கில எழுத்துக்களே தமிழ் வேடம் புனைந்து நிற்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கைப்பேசிக்கு அனுப்பினால் வேடம் கலைந்து பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். அவ்வச்சத்தால் ஆவணத்தைப் படமாக உறையவைத்து அனுப்பும் பழக்கம் வேரூன்றிற்று. யூனிகோடு முறையோ 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் வகுத்தது; தமிழ்நாடு அரசும் 2010-இல் அதனை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் எழுதியது எக்கைப்பேசியிலும் தமிழாகவே தோன்றும். திரையின் அகலத்திற்கேற்ப வரி தானே மடங்கிக் கொள்ளும். எனவே பழைய அச்சத்திற்கு இன்று இடமில்லை. மற்றொரு காரணமும் உண்டு. நான்கு புறமும் கோடிட்டு, இருபுறமும் ஒத்து, மேலே முத்திரை பதித்த பக்கமே மதிப்புடையது என்னும் எண்ணம் அலுவலகங்களை விட்டு நீங்குவதாயில்லை. முத்திரை கையொப்பத்திற்கு வேண்டும். இலக்கணப் பாடக்குறிப்பிற்கு ஏன்?

இதனைச் செய்துகாட்டியோர் நம்மவருள் உளர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, வலையில் மடங்கி ஓடும் வடிவிலும் வைத்தது; நூலைத் தேடலாம், பெரிதாக்கலாம், வெட்டி எடுக்கலாம். 2013-இல் தொடங்கிய இலவசத் தமிழ் மின்னூல் முயற்சியினர் ஒரே நூலை இ-பப் முதலிய மடங்கும் வடிவங்களிலும், பெருந்தாள் அளவிலும், அதனோடு 6 அங்குலத் திரைக்கென்றே தனியாக அமைத்த பி.டி.எப். வடிவிலும் வெளியிட்டனர். படிப்போர் கையில் இருப்பது எது என்று கேட்டு நூல் செய்தல் இதுவே. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் 2008-இல் வெளியிட்ட தன் அணுகல் நெறிகளின் உயர்படியில், வரி 80 எழுத்துக்கு மிகாமை, இருபுறம் ஒத்து நிறுத்தாமை, பத்திக்குள் ஒன்றரை மடங்கு வரியிடைவெளி என்பவற்றை வைத்தது. 2018-இல் வந்த அடுத்த பதிப்பு, குறுகிய திரையிலும் பக்கவாட்டில் தள்ள வேண்டாதபடி எழுத்து மடங்குதலை வேண்டிற்று. மலையூர்ப் பிள்ளையின் விரலுக்கு நேர்ந்த துன்பம் உலகறிந்த துன்பமே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து ஒரு தடையை நேர்மையோடு எடுத்துக்கொள்ளல் வேண்டும். உரைநடைக்கு வரி என்பது இடவசதி. செய்யுளுக்கோ அடி என்பது உறுப்பு. குறள் வெண்பாவில் முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர். அதனைத் திரையின் விருப்பப்படி மடங்கவிட்டால் முதலடியின் நான்காஞ்சீர் கீழே விழுந்து தனியடிபோல் நிற்கும். இரண்டடிப் பா மூன்றடியாகத் தோன்றும். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லின் முன் இடும் சிறுகோடு வரித்தலைக்கு ஓடிவிடும். எதுகை அடிதோறும் நேர் கீழே நிற்கும் அழகும் போம். யாப்புக் கற்கத் தொடங்கும் மாணவன் இதனைப் பார்த்து அடியெண்ணினால் தவறாகவே எண்ணுவன். ஆதலின் செய்யுளை மடங்கவிடுதல் ஆகாது. அங்கே ஆசிரியன் வகுத்த அடியே சட்டம், திரை அதற்குப் பணிதல் வேண்டும். கணித வாய்பாட்டிற்கும் அட்டவணைக்கும் இது பொருந்தும். மேற்கோள் காட்டப் பக்க எண் வேண்டுவோர்க்கும் நிலைத்த பக்கம் ஒன்று வேண்டும். அவர்க்கு அதனையும் உடன் வைத்தலில் இழப்பு யாது?

நம் கல்லூரியிலேயே இவ்வாண்டு தொடங்கிச் சிலவற்றைச் செய்யலாம். துறைகள் வெளியிடும் பாடக்குறிப்பு யூனிகோடில், ஒரே பத்தியகலத்தில், இடப்புறம் மட்டும் ஒத்து, வரிகளை அகல விட்டு எழுதப்படுக. வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் படமாக இடுவோர் அதே செய்தியை எழுத்தாகவும் இடுக. படத்தினும் எழுத்து அளவிற் சிறிதாகலின், மெலிந்த அலைத்தொடர்பிலும் அது மலையேறும். கண்பார்வை குன்றிய மாணாக்கர்க்கு எழுத்தைக் கருவி வாசித்துக் காட்டும். படத்தை அவ்வாறு வாசித்தல் அதற்கு எளிதன்று. இவ்வாண்டு மலரும் அச்சுப்படியோடு கைப்பேசிக்கென மடங்கும் வடிவம் ஒன்றாக வெளிவருமாயின், வெள்ளிமலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் விரல் நோவாது படித்து முடிப்பர். அவ்வடிவத்தைத் தொகுப்போர் கவிதைப் பகுதியை மட்டும் அடி மடங்காதவாறு நிறுத்தி, அதன் தலையில், 'திரையைக் கிடையாகத் திருப்பிப் படிக்க' என்று ஒரு குறிப்பு இட்டால் போதும். நம் பாட்டன்மார் ஓலையைப் பிடித்ததும் அவ்வாறே.